ஆற்றுப் படிவுகளும் வமிசாவளியும்: நேபாள இமய முகப்பின் நிலநடுக்கங்களைக் காலங்கணித்தல்

1934ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் பிற்பகல் இரண்டு மணி கடந்த வேளையில் வடபீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய நிலநடுக்கத்தில் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். முங்கேர் நகரம் இடிபாட்டுக் குவியலாயிற்று. காத்மண்டுப் பள்ளத்தாக்கில் பக்தபூரின் பெரும்பகுதி வீழ்ந்தது. கங்கைச் சமவெளியின் வடபால், ஏறத்தாழ 300 கிலோமீற்றர் நீளமான ஒரு வலயத்தில், நிலம் உறுதி குலைந்து மணலும் நீரும் ஊற்றுக்களாய் மேலெழுந்தன. வீடுகள் சாய்ந்தும் புதைந்தும் போயின. இப்பேரிடர் தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை எனக் காந்தியடிகள் கூறியதும், அக்கூற்றை இரவீந்திரநாத் தாகூர் வெளிப்படையாக மறுத்ததும் பலரும் அறிந்தவை. அதே நடுக்கம் புவிச்சரிதவியலாருக்கு விட்டுச்சென்ற பிறிதொரு வினாவை அறிந்தோர் சிலரே. அவ்வளவு பெரிய நடுக்கத்தில் முறிந்த நிலம் எங்கே என்பதே அவ்வினா.

அதற்கு ஓரளவு திருத்தியான விடை 2013ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. மலையடிவாரத்துச் சிற்றாறுகள் விட்டுச்சென்ற சரளைப் படிவுகளும், அவற்றிற் சிக்கிய கரித்துண்டுகளும், 14ஆம் நூற்றாண்டிலே தொகுக்கப்பட்ட ஓர் ஏடும் அவ்விடைக்குச் சான்றாயின என்பது வரலாற்று மாணவரின் கவனத்துக்குரியது. ஆற்றுப் படிவைக் கொண்டு காலங்கணிக்கும் முறை எவ்வளவு உறுதியானது, எழுத்துச் சான்றோடு அதனை இணைக்குமிடத்து எங்கே தவறு நேரலாம் என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

முதலில் இடத்தின் அமைப்பை நோக்குதல் வேண்டும். இந்தியத் துணைக்கண்டத்தைத் தாங்கும் புவியோட்டுத் தகடு வடக்கு நோக்கி நகர்ந்து இமயத்தின் அடியிற் புகுகின்றது. நேபாளப் பகுதியில் இவ்வாறு புகும் வேகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 மில்லிமீற்றராகும். இந்நகர்வு இடையறாது வழுக்கிச் செல்வதன்று. மலைக்கும் அதன் கீழுள்ள தகட்டுக்கும் இடைப்பட்ட தளம் நூற்றாண்டுக் கணக்கில் இறுகிக் கிடந்து, பின்னர் ஒரு சில நிமிடங்களுள் விடுபடுகின்றது. பாறைகள் முறிந்து ஒன்றன்மேலொன்று வழுக்கும் இத்தகைய தளத்தைப் புவிச்சரிதவியலார் 'குறை' என வழங்குவர். இமயத்தின் தென்கோடியில், சிவாலிக் குன்றுகள் முடிந்து தராய்ச் சமவெளி தொடங்குமிடத்தில், இக்குறை நிலத்தின் மேற்பரப்பை வந்தடைகின்றது. அதனை இங்கு முகப்புக் குறை எனக் குறிப்போம்.

1934இல் நிலம் முறிந்திருப்பின் இம்முகப்பிலேயே முறிந்திருத்தல் வேண்டும். ஆயினும் இந்தியப் புவிச்சரிதவியல் அளவை நிறுவனத்தின் அலுவலர் நிலங்களைச் சுற்றிப் பார்த்து 1939இல் வெளியிட்ட விரிவான அறிக்கையில் அத்தகைய முறிவு எதுவும் பதியப்படவில்லை. நடுக்கத்தின் தோற்றுவாய் சமவெளியின் அடியிலேயே, சேறு பொங்கிய வலயத்தின் கீழ், இருத்தல் கூடுமென்று அவர்கள் எண்ணினர். அவர்களுள் ஒருவரான ஜோன் ஓடன் நேபாளத்துட் சென்று பார்த்தவர்; ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஓடனின் தமையனாரும் அவரே. பிற்காலத்தில் உலகெங்குமுள்ள நடுக்கப் பதிவுகளை மீளக் கணித்தபோது தோற்றுவாய் சமவெளியிலன்றிக் கிழக்கு நேபாள மலைகளின் அடியில் அமைந்தமை தெரியவந்தது. எனினும் முறிவு காணப்படவில்லை என்ற குறை நீங்கவில்லை. 1905ஆம் ஆண்டின் காங்ரா நடுக்கத்திலும், 1950ஆம் ஆண்டின் அசாம் நடுக்கத்திலும் முகப்பு முறிந்ததாக எவரும் பதியவில்லையாதலின், இமயத்தின் பெருநடுக்கங்கள் ஆழத்திலேயே ஓய்ந்துவிடுவன என்ற கருத்து வலுப்பெற்றது.

இஃது ஏட்டளவிலான பிணக்கன்று. நடுக்கம் ஆழத்திலே ஓயுமாயின், மலையடிவாரத்துக்கும் அந்த ஆழத்துக்கும் இடைப்பட்ட பாறைப்பகுதி இன்னும் இறுகியே கிடக்கின்றது. அது விடுபடும் நாளொன்று வரவேண்டும். முகப்பு வரையும் முறிந்ததாயின் அப்பகுதியின் கடன் தீர்ந்தது எனலாம். தராயிலும் வடபீகாரிலும் வாழும் கோடிக்கணக்கான மக்களுக்கு இவ்விரண்டில் எது உண்மை என்பது பொருளுடைய கேள்வியாகும்.

மலையின் அசைவுக்கு ஆறு எவ்வாறு சாட்சியாகின்றது? ஆறு தன் படுக்கையிற் சரளையும் மணலும் பரப்புகின்றது. அந்நிலம் உயர்த்தப்பட்டால் ஆறு அதனை வெட்டிக் கீழிறங்கிப் புதுப் படுக்கை அமைக்கின்றது. பழைய படுக்கை பக்கத்தே படிபோல உயர்ந்து நிற்கின்றது. இவ்வாறு படிமேற் படியாக அமைந்த மேடைகளை இமயவடிவாரத்தில் முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் யப்பானிய அறிஞர் தகாசி நகாதா குறிப்பிடத்தக்கவர்; அவரது ஆய்வு 1972இல் வெளிவந்தது. பின்னர் 2000ஆம் ஆண்டிற் பிரான்சிய ஆய்வாளர் லவேயும் அவுவாக்கும் பாக்மதி, பாகேயா ஆறுகளின் மேடைகளை அளந்தும், அவற்றிலுள்ள கரியைக் காலங்கணித்தும், கடந்த சில ஆயிரம் ஆண்டுகளாக முகப்புக் குறையின் வழியே ஆண்டுக்குச் சராசரி 21 மில்லிமீற்றர் நிலம் சுருங்கி வந்துள்ளது எனக் கணித்தனர். செயற்கைக்கோள் அளவைகள் தரும் 20 மில்லிமீற்றரோடு இது பெரிதும் ஒத்துள்ளமை நோக்கற்பாலது. மலை சேர்க்கும் கடன் முழுவதும் ஈற்றில் முகப்பிலேயே தீர்க்கப்படுகின்றது என்பதே இதன் பொருள். ஆழத்திலே ஓய்ந்துவிடும் நடுக்கங்களால் மட்டும் இது கூடாது.

ஆனால் வேகம் தெரிந்ததனால் நாள் தெரிந்துவிடாது. ஒரு வணிகரின் ஆண்டுச் செலவைக் கூறும் கணக்கு, அவர் எந்நாளிற் பணம் கொடுத்தார் என்பதைக் கூறுவதில்லை. நாளை அறிவதற்குக் குறையின் குறுக்கே அகழி தோண்டி, அல்லது ஆறே வெட்டிவிட்ட செங்குத்துக் கரையைச் செதுக்கிச் சுத்தமாக்கி, எந்தப் படை முறிந்துள்ளது, எந்தப் படை முறியாமல் மேலே போர்த்துக் கிடக்கின்றது என்று படைபடையாக வரைந்து காட்டல் வேண்டும். முறிந்த படைக்குப் பின்னரும் போர்த்த படைக்கு முன்னரும் நடுக்கம் நிகழ்ந்தது என்பது தருக்கம். படைகளின் காலத்தை அவற்றிலுள்ள கரித்துண்டுகள் கூறுகின்றன.

1949இல் லிபியும் அவர்தம் உடனாய்வாளரும் நிலைநாட்டிய காபன் 14 முறையை நம் மாணவர் தொல்லியல் வாயிலாக அறிவர். உயிர் உள்ளவரை வளியிலிருந்து ஏற்கப்படும் இச்சமதானி, உயிர் நீங்கியபின் 5730 ஆண்டுக்கொரு முறை பாதியாகக் குறைகின்றது. வளியில் அதன் அளவு எக்காலத்தும் ஒன்றாயிருந்ததில்லையாகையால் மரவளையங்களைக் கொண்டு திருத்தம் செய்தல் வேண்டும். இவையெல்லாம் பொதுவானவை. ஆற்றுப் படிவுக்கே உரிய இடர்ப்பாடு வேறொன்றுண்டு; பல மயக்கங்களுக்கும் வேர் அதுவே.

கரித்துண்டு கூறுவது மரம் மாண்ட காலத்தையேயன்றி அத்துண்டு படிவிற் சேர்ந்த காலத்தையன்று. பெருமரத்தின் உள்வைரம் மரம் வீழ்வதற்குப் பன்னெடுங் காலத்துக்கு முன்னரே வளியோடு உறவற்றுப் போனது. எரிந்த கரி மேலாற்று மேடையொன்றிற் சில நூற்றாண்டு தங்கி, பின்னொரு வெள்ளத்தால் அரிக்கப்பட்டுக் கீழே வந்திருக்கவும் கூடும். ஆகவே கரி தான் கிடக்கும் படையிலும் மூத்ததாயிருக்கலாம், இளையதாயிருத்தல் அரிது. அகழாய்வில் உரோம நாணயம் கிடைத்த படையை நாம் எவ்வாறு மதிப்பிடுகின்றோம்? அப்படை நாணயத்துக்கு முந்தியதன்று என்று உறுதியாகக் கூறுவோம். எவ்வளவு பிந்தியது என்று அந்த நாணயத்தைக் கொண்டு கூறமாட்டோம். இதனை நிலநடுக்கத்துக்குப் பொருத்தினால் ஒரு சமனின்மை புலப்படும். முறிந்த படையிலுள்ள கரி, நடுக்கம் தனக்குப் பின்னரே நிகழ்ந்தது என உறுதியாகச் சொல்லும். போர்த்த படையிலுள்ள கரியோ நடுக்கம் தனக்கு முன்னர் நிகழ்ந்தது எனச் சொல்லுவது போலத் தோன்றினும், அக்கரி பழங்கரியாயின் அச்சொல் நம்பத்தக்கதன்று. முன்னெல்லை வலிது, பின்னெல்லை மெலிது. வெளியிடப்பட்ட அட்டவணைகளில் இரண்டும் ஒரேவகை எண்களாகவே அச்சிடப்படுகின்றமையால் வாசகர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுதல் எளிது.

2005இல் லவேயும் பிறரும் கிழக்கு-மத்திய நேபாளத்தின் முகப்பிலே தோண்டிய அகழியிலிருந்து வியப்பூட்டும் முடிவொன்றை வெளியிட்டனர். கி.பி. 700 அளவிலிருந்து அவ்விடத்தில் ஒரேயொரு பெருநடுக்கமே மேற்பரப்பை முறித்தது. அஃது ஏறத்தாழ கி.பி. 1100இல் நிகழ்ந்தது, அதில் நிலம் சுமார் 17 மீற்றர் இடம்பெயர்ந்தது என்பன அவர்தம் முடிவுகள். ஆறு மாடிக் கட்டடமொன்றின் உயரத்துக்கு நிகரான நகர்வு ஒரே வீச்சில் நிகழ்ந்திருக்குமாயின் அந்நடுக்கம் 1934இனும் மிகப் பெரியதாதல் வேண்டும். ஆனால் 1100ஆம் ஆண்டளவில் அத்தகைய அழிவு நேர்ந்ததாக நேபாள ஏடுகள் எவையும் கூறவில்லை.

இவ்விடத்திலேயே எழுத்துச் சான்று உள்ளே வருகின்றது. நேபாளத்து அரசர் வரலாற்றைக் கூறும் வமிசாவளிகளுள் மிகப் பழையது கோபாலராஜவமிசாவளி. சயத்திதி மல்லன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொகுக்கப்பட்ட இவ்வேட்டை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பெண்டால் என்னும் ஆங்கில வடமொழியறிஞர் காத்மண்டுத் தர்பார் நூலகத்திற் கண்டு ஆய்வுலகுக்கு அறிமுகஞ் செய்தார். நேபாள ஆண்டு 375, ஆனித் திங்களில், அஃதாவது கி.பி. 1255 யூன் 7ஆம் நாளில் நிகழ்ந்த நடுக்கத்தில் அபயமல்லன் என்னும் அரசன் உயிர்நீத்தான் என்பதும், நாட்டு மக்களில் மூன்றிலொரு பங்கோ நான்கிலொரு பங்கோ அழிந்தனர் என்பதும் நேபாள மரபு பேணிவந்த செய்திகள். 1344ஆம் ஆண்டிலும் ஒரு நடுக்கம். அதில் அரிமல்லன் மாண்டான். ஓர் அரசனின் இறப்போடு சேர்த்து நினைக்கப்பட்டமையாலேயே இந்நாள்கள் நமக்கு எஞ்சியுள்ளன. அரசன் உயிர்பிழைத்த நடுக்கங்கள் எத்தனை ஏடேறாது போயினவோ யாரறிவர்! இறந்தோரின் பங்கினைக் கூறும் எண்ணை நான் அப்படியே ஏற்கத் துணியேன். நாளைக் குறிக்கும் செய்தியை ஐயுறக் காரணம் காணவில்லை.

ஆயினும் வமிசாவளியின் எல்லை காத்மண்டுப் பள்ளத்தாக்கே என்பதை மறத்தலாகாது. அங்கே அரண்மனை இடிந்தது என்பதனால் அங்கிருந்து தெற்கேயுள்ள முகப்பிலே நிலம் முறிந்தது எனக் கொள்ள முடியாது. 1833 ஓகஸ்ட் 26ஆம் நாள் நடுக்கம் காத்மண்டைச் சிதைத்தது. முகப்பில் அதன் தடம் அறியப்படவில்லை. 2015 ஏப்ரல் 25ஆம் நாளின் கோர்க்கா நடுக்கம் இதற்குத் தெளிவான சான்று. ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர். பள்ளத்தாக்கின் கோயில்கள் சரிந்தன. ஆயினும் முறிவு முகப்பை எட்டாது இடையிலே நின்றது என்பதைச் செயற்கைக்கோள் அளவைகளும் நேரடி ஆய்வும் உறுதிசெய்தன. 24ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியனொருவன் ஏடுகளை மட்டும் வைத்து 1934ஐயும் 2015ஐயும் ஒப்பிட்டால் இரண்டும் ஒரே வகையின என்றே எழுதுவான். மண் அவனை மறுக்கும்.

2013இல் நேபாளச் சுரங்க, புவிச்சரிதவியல் திணைக்களத்தைச் சேர்ந்த சோமநாத் சாப்கோட்டாவும் பிரான்சிய அறிஞர் போலிஞ்சர் முதலானோரும் வெளியிட்ட ஆய்வு இவ்விரு சான்றுகளையும் ஒருங்கு சேர்த்தது. கிழக்கு நேபாளத்தில் பர்திபாசுக்கு அண்மையில் மலையிலிருந்து வெளிப்படும் சிர் என்னும் சிற்றாறு அவர்களுக்கு வாய்ப்பான இடமாயிற்று. மேலே தள்ளப்பட்ட பாறையின் விளிம்பு செங்குத்தாய் நிற்கமாட்டாது உடைந்து, அடியில் ஆப்பு வடிவமான குவியலாய்ச் சரிகின்றது. பின்னர் வரும் வெள்ள மண் அதனை மூடுகின்றது. ஆப்பொன்று காணப்பட்டால் நடுக்கமொன்று நிகழ்ந்தது என்பது பொருள். அதற்குக் கீழும் மேலுமுள்ள கரியை எண்ணிக்கையில் மிகுதியாக எடுத்துக் கணித்து, கீழ்ப்படை மேற்படையிலும் இளையதாயிருத்தல் இயலாது என்ற நியதியையும் கணக்கிற் சேர்த்து, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் உரிய காலவெல்லையை அவர்கள் ஒடுக்கினர். கடந்த ஆயிரமாண்டில் அம்முகப்பை முறித்தவை ஒன்றன்று, இரண்டு. அவை 1255இனதும் 1934இனதுமாம். இடைவெளி 679 ஆண்டு என்பது முடிவு. 1934இன் முறிவு முகப்பில் 150 கிலோமீற்றருக்குக் குறையாத நீளத்திற் காணப்படுகின்றது எனவும் அவர்கள் கூறினர்.

அவ்வளவு நீளமான முறிவு 1934இல் எவர் கண்ணிலும் படாதது எவ்வாறு என்பது நியாயமான வினா. தராயும் அதனையடுத்த மலையடியும் அன்று மலேரியாக் கொடுங்காய்ச்சலுக்கு அஞ்சி மக்கள் ஒதுக்கிய காடுகள்; நேபாளமோ அயலார்க்குப் பெரும்பாலும் மூடிய நாடு. ஆற்றின் செயலும் இதிற் பங்குகொண்டது என்பதை 2019இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டுகின்றது. சார்நாத் என்னும் ஆற்றருகே 1934இன் முறிவு பின்வந்த படிவுகளின் கீழ் மறைந்து கிடந்தது. நடுக்கம் மலைச்சரிவுகளைக் குலைக்க, அடுத்த மாரிகளில் ஆறுகள் அளவிறந்த மண்ணையும் கல்லையும் சுமந்துவந்து, முகப்பிலே தோன்றிய படியை மூடிவிட்டன. சாட்சியைத் தருவதும் ஆறே, மறைப்பதும் ஆறே.

இனி ஐயத்துக்கு வருவோம். காபன் 14 முறை கடைசி 300 ஆண்டுகளுக்குள் அமைந்த நிகழ்ச்சியைத் தனித்துக் காட்டும் ஆற்றல் அற்றது. அக்காலத்தில் வளியின் அளவு ஏறியிறங்கியமையால் ஒரே கரிக்குப் பல காலங்கள் பொருந்துகின்றன. ஆகவே சிர் ஆற்றின் மேலைநிகழ்ச்சி 1934 என்பது, அண்மைக் காலத்தில் அப்பகுதியில் அத்துணைப் பெரிய வேறு நடுக்கம் ஆவணங்களில் இல்லை என்ற ஒழிபுத் தருக்கத்தாற் பெற்றது. தருக்கம் ஏற்கத்தக்கதே, எனினும் அங்கே நாளைக் கூறியது கரியன்று, ஆவணமே என்பதை உணர்தல் வேண்டும். 1934இன் தடம் எல்லா அகழிகளிலும் காணப்படவில்லை. அதனைச் சுட்டி ஐயுறுவோரும் உளர். அவ்வாறே பதினொன்றாம் நூற்றாண்டு முதற் பதினான்காம் நூற்றாண்டு வரையுள்ள ஏதேனுமொரு காலவெல்லை கிடைத்தவுடன் அதற்கு '1255' என்று பெயரிடுவது வசதியான பழக்கமாகிவிட்டது. பெயரிட்டபின் அதே முடிவு வமிசாவளிக்குச் சான்றாகவும் எடுத்தாளப்படுமாயின் அது சுற்றுவாதம். லவேயின் 1100உம் சாப்கோட்டாவின் 1255உம் ஒரே நிகழ்ச்சியோ என்ற வினா இதனாலேயே எளிதில் தீரவில்லை. முன்னது பழங்கரியால் மூப்பேறிய காலமாயிருத்தல் கூடும். இருவேறு நடுக்கங்களாயிருத்தலும் கூடும்.

இதற்கு முகப்பிலிருந்து தொலைவிலே, மலைகளின் நடுவே, எதிர்பாராத சாட்சியொன்று கிடைத்தது. பொக்காராப் பள்ளத்தாக்கு முழுவதும் சேதி ஆறு அன்னபூர்ணா மலைத்தொடரிலிருந்து கொணர்ந்த சரளையால் நிரம்பியது. இந்நிரப்பு மிக அண்மைக் காலத்தது என்பதைப் பிரான்சியப் புவியியலறிஞர் மொனிக் போர் 1980களில் எடுத்துக்காட்டியிருந்தார். 2016இல் வெளியான ஆய்வில் அச்சரளையின் பல இடங்களிலிருந்து எடுத்த கரிப்பொருள்கள் கணிக்கப்பட்டபோது, படிவு ஒரே சீராகச் சேராது பெருவெள்ளங்களாய்க் கட்டங்கட்டமாகச் சேர்ந்தமையும், அக்கட்டங்கள் 1100, 1255, 1344 என்னும் மூன்று காலங்களோடு பொருந்துவனவும் புலனாயின. முகப்பின் அகழியோடு தொடர்பற்ற ஓரிடத்தில் 1100 தனித்து நிற்பது, அதனை 1255இனுள் அடக்க முயல்வோருக்குத் தடையாகும். பொக்காராவிலும் பழங்கரி இருக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் இருவேறு ஆற்றுத் தொகுதிகளில் ஒரே அளவான மூப்பு தற்செயலாய் நேர்ந்தது எனக் கொள்வதிலும், ஏடு கூறாத நடுக்கமொன்று 1100ஐ அண்டி நிகழ்ந்தது எனக் கொள்வது எளிது. வமிசாவளி தொகுக்கப்பட்ட காலத்துக்கு அது முந்நூறு ஆண்டு முந்தியது. ஏட்டின் மௌனத்தை இன்மைக்குச் சான்றாக்கும் வழக்கம் நம்மிடையே கல்வெட்டாய்விலும் உண்டு. அது தவறென்பதற்கு நேபாளத்துச் சரளை ஓர் எடுத்துக்காட்டாய் நிற்கின்றது.

எண்ணளவில் இதன் விளைவு சிறியதன்று. ஆண்டுக்கு 20 மில்லிமீற்றர் வீதம் 679 ஆண்டிற் சேரும் கடன் 13.6 மீற்றர். கிழக்கு நேபாளத்தில் அக்கடன் 1934இல் முகப்புவரை தீர்ந்ததாயின், அடுத்தது பல நூற்றாண்டுக்கு அப்பாலது எனலாம். 1100உம் 1255உம் அங்கேயே அடுத்தடுத்து நிகழ்ந்தனவாயின் 155 ஆண்டு இடைவெளியும் இயலக்கூடியது என்றாகும். அப்போது அந்த ஆறுதல் கரைந்துவிடும். காத்மண்டுக்கு மேற்கே நிலை வேறு. அங்கே முகப்பைக் கடைசியாக முறித்தது 1344இன் நடுக்கமே எனக் கருதுவோர் உளர். அவ்வாறாயின் 2015 வரை 671 ஆண்டிற் சேர்ந்த கடன் ஏறத்தாழ 13.4 மீற்றர். கோர்க்கா நடுக்கம் ஆழத்திற் சில மீற்றரை மட்டும் தீர்த்து, முகப்பைத் தொடாது நின்றது.

இக்கணக்கைச் சரிபார்க்க இன்னும் பல அகழிகள் வேண்டும். ஆனால் 1950களில் மலேரியா ஒழிப்பு வேலைகள் தொடங்கியபின் தராய்க் காடுகள் குடியேற்றங்களாயின. கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை மலையடியை ஒட்டிச் செல்கின்றது. பர்திபாசு இன்று சாலைச் சந்தி நகரம். கட்டட வேலைக்காகச் சிவாலிக் ஆறுகளின் கல்லும் சரளையும் பொறிகளால் வாரப்பட்டு வண்டிகளில் ஏற்றப்படுகின்றன. அபயமல்லன் காலத்து வெள்ளம் பரப்பிய படையும், அதனுள்ளிருந்த கரியும் அச்சுமைகளோடு போய்க்கொண்டிருக்கின்றன.